உங்கள் மெயில் சேர்வரில் ரூட் யார்?

கண்டி, கட்டுகஸ்தோட்டை, வத்தேகம, திகன, பேராதனை, மாத்தளைப் பக்கங்களில் மெயில் சேர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் தம்பி தங்கைமாருக்கும் அண்ணன் அக்காமாருக்கும்,



உங்கள் பொறுப்பில் உள்ள சேர்வரில் ரூட் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இப்படிக் கேட்டால் ஓர் ஆளின் பெயரோ இரண்டு ஆட்களின் பெயரோ உடனே உங்கள் வாயில் வரும். நான் கேட்பது அதை மட்டுமல்ல. எந்த மென்பொருள் ரூட்டாக ஓடுகிறது, அது எந்தக் கோப்பை நம்பி அதன்படி நடக்கிறது, அந்தக் கோப்பில் கைவைக்க யார் யாரால் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்லக்கூடியவர்களும் உங்களில் இருப்பீர்கள். மற்றவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை வாசியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கு மனத்தாங்கல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை விஷயமாகப் போன ஓர் அலுவலகத்தில் ரூட் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி மொனிட்டருக்குக் கீழே ஒட்டியிருந்தார்கள். இன்னோர் இடத்தில் மெயில் மென்பொருளின் கொன்ஃபிக் கோப்புகள் இருந்த ஃபோல்டர் முழுவதற்கும் 777, அதாவது யாரும் வாசிக்கலாம், எழுதலாம், ஓடவிடலாம் என்ற அனுமதி கொடுத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "அப்படிப் போட்டாத்தான் அண்ணே வேலை செஞ்சுச்சு" என்றார் அங்கிருந்த தம்பி. அவர் கெட்டிக்காரப் பிள்ளை. பிரின்டர் பழுதிலிருந்து சம்பளக் கணக்கு மென்பொருள் வரை அந்த இடத்தில் எல்லாமே அவர் ஒருவர் தலையில்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த மூன்று ஏழுகளுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவரை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. நமக்குள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் விட்டதன் விலையை, அந்த சேர்வரில் பெட்டி வைத்திருக்கும் சனங்கள்தான் கொடுக்கப்போகிறார்கள்.

2023 ஆகஸ்ட் 26 உங்களுக்கு நினைவிருக்கும். அரசாங்கத்தின் மெயில் சேர்வர்கள் கப்பம் கேட்கும் வைரஸால் தாக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரசின் மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய அலுவலகங்கள் அவ்வருடம் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தங்கள் கடிதங்களை இழந்தன. பாதிக்கப்பட்ட முகவரிகள் ஏறத்தாழ 5,000. சேர்வரைச் சில மணித்தியாலங்களில் மீண்டும் ஓடவைத்தார்கள். ஆனால் அந்த மூன்று மாதச் சொச்சக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பேக்கப் இருக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டிருந்தது. புதிய பதிப்புக்கு மாற 2021 முதலே எண்ணம் இருந்தும், பணத் தட்டுப்பாட்டாலும் பழைய தீர்மானங்களாலும் தள்ளிப்போனதாக அதற்குப் பொறுப்பான முகவர் நிலையமே சொன்னது.

அந்தச் செய்தி வந்த நாட்களில் நாம் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினோம். திட்டியதில் நியாயம் இருந்தது. ஆனால் "பட்ஜெட் இல்லை, பிறகு பார்ப்போம்" என்ற அதே வார்த்தை உங்கள் அலுவலகத்திலும் ஓடவில்லையா? கொழும்பில் நடந்தால் பத்திரிகையில் வரும். வத்தேகமவில் ஒரு சிறிய நிறுவனத்தின் மெயில் பெட்டிகள் அழிந்தால் அந்த நிறுவனத்தோடு முடிந்துபோகும். கடிதத்தை இழந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

இனி, நான் உங்களிடம் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். லினக்ஸில் மெயில் நடத்தும் உங்களில் பலரிடம் இருப்பது எக்ஸிம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக ஃபிலிப் ஹேசல் 1995இல் எழுதத் தொடங்கியது அது. சீபெனல் போட்ட வாடகை சேர்வர் வைத்திருப்பவர்களுக்கும் அடியில் ஓடுவது எக்ஸிம்தான், நீங்கள் அந்தப் பெயரை ஒருநாளும் தட்டச்சு செய்யாமல் இருந்தாலும். எக்ஸிமின் நிரல் செட்யுஐடி ரூட் ஆக நிறுவப்படுகிறது. அதாவது, யார் ஓடவிட்டாலும் அது ரூட் அதிகாரத்தோடுதான் எழுந்திருக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. 25ஆம் போர்ட்டைத் திறக்க ரூட் வேண்டும். ஒவ்வொரு பயனரின் பெட்டியிலும் அவரவர் பெயரில் கடிதத்தை வைக்கவும் வேண்டும். அந்த வேலைகள் இல்லாத நேரத்தில் அது தன் அதிகாரத்தைக் கைவிட்டு, எக்ஸிமுக்கென்றே உள்ள ஒரு சாதாரணப் பயனராக இறங்கிவிடும். டெபியனில் அந்தப் பயனரின் பெயர் டெபியன்-எக்ஸிம். கடிதத்தை விநியோகிக்கும் நேரம் வந்ததும் தன்னைத் தானே மீண்டும் ஓடவிட்டு ரூட்டாக எழும். இந்த ஏறி இறங்குதலில்தான் 2010 டிசம்பரில் அடி விழுந்தது.

அந்த மாதம் ஒரு சேர்வர் பராமரிப்பாளர், தன் டெபியன் சேர்வருக்குள் எக்ஸிம் வழியாகவே யாரோ புகுந்துவிட்டார்கள் என்று எக்ஸிமை வளர்ப்பவர்களிடம் வந்து சொன்னார். ஓடியது 4.69 பதிப்பு. தாக்கியவர், 50 எம்பி என்ற வரம்பைத் தாண்டிய ஒரு கடிதத்தை அனுப்பியிருந்தார். எக்ஸிம் அதை ஏற்க மறுத்தது. மறுத்ததைப் பதிவேட்டில் எழுதும்போது, கடிதத்தின் தலைப்பு வரிகளையும் சேர்த்து எழுதப் போனது. ஒதுக்கிய இடத்தின் அளவை அங்கே தவறாகக் கணக்கிட்டதால் எழுத்துகள் நினைவகத்தில் வழிந்தன. வழிந்த எழுத்துகளுக்குள் தாக்கியவரின் கட்டளை இருந்தது. சிவிஇ-2010-4344 என்று பதிவான ஓட்டை இதுதான்.

ஆனால் இதோடு அவருக்கு ரூட் கிடைத்துவிடவில்லை. டெபியன்-எக்ஸிம் என்ற சாதாரணப் பயனரின் அதிகாரம்தான் கிடைத்தது. அதிகாரத்தை இறக்கிவைத்த ஏற்பாடு தன் வேலையைச் சரியாகவே செய்தது. சேர்வர் அங்கே தப்பியிருக்க வேண்டும். தப்பாமல் போனது இரண்டாவது ஓட்டையால்தான். சிவிஇ-2010-4345 என்ற அந்த இரண்டாவதைப் பற்றித்தான் நான் உங்களிடம் விரிவாகப் பேச வேண்டும்.

எக்ஸிமை ஓடவிடும்போது பெரிய எழுத்து சி ஆப்ஷனைக் கொடுத்தால், வழக்கமான கொன்ஃபிக் கோப்புக்குப் பதிலாக நீங்கள் சொல்லும் கோப்பை அது படிக்கும். சாதாரணப் பயனர் ஒருவர் இப்படிச் செய்தால் எக்ஸிம் முதலில் ரூட் அதிகாரத்தைக் கைவிட்டுவிட்டுத்தான் அந்தக் கோப்பைத் திறக்கும். ஆனால் ரூட்டுக்கும், எக்ஸிமின் சொந்தப் பயனருக்கும் மட்டும் விலக்கு இருந்தது. அவர்கள் எந்தக் கோப்பை நீட்டினாலும் எக்ஸிம் ரூட்டாகவே இருந்து அதைப் படிக்கும். எக்ஸிம் கொன்ஃபிக்கிலோ வெளிக் கட்டளைகளை ஓடவைக்கும் வரிகளையும் எழுதலாம். தாக்கியவர் செய்தது சின்ன வேலை. தான் எழுதக்கூடிய ஓர் இடத்தில் இரண்டு மூன்று வரிகளில் ஒரு கொன்ஃபிக் கோப்பை எழுதினார், அதைப் படிக்கும்படி எக்ஸிமுக்குச் சொன்னார். சேர்வர் அவருடையதாயிற்று.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சம்பளம் கொடுப்பவர் மலைக்கு வந்து பார்ப்பதில்லை, செக்ரோலில் உள்ளபடி எண்ணிக் கொடுக்கிறார். அதனால்தான் அந்தப் புத்தகம் யார் கையில் இருக்கிறது, பேர் போடுவது யார், அரைப்பேர் விழுந்தது ஏன் என்பதற்கெல்லாம் நம் பெற்றோர் அத்தனை சண்டை பிடித்தார்கள். ஒருவர் வீட்டிலிருந்தே ஒரு புத்தகத்தை எழுதிக் கொண்டுவந்து, "இதைப் பார்த்துக் கொடுங்க ஐயா" என்று நீட்ட, அவரும் அதைப் பார்த்தே பணத்தை எண்ணிக் கொடுத்தால் என்ன நடக்கும்? எக்ஸிமில் நடந்தது அச்சொட்டாக அதுதான். ரூட் அதிகாரத்தை எத்தனை கவனமாகப் பூட்டினாலும், அது எந்தப் புத்தகத்தைப் பார்த்து வேலை செய்யும் என்பதை வேறொருவர் தீர்மானிக்க முடிந்தால், ரூட் அந்த வேறொருவர்தான்.

இந்த விலக்கை ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். முட்டாள்தனத்தால் வைக்கவில்லை. வைரஸையும் குப்பைக் கடிதங்களையும் சோதிக்கும் ஸ்கேனரை நடுவில் வைப்பதற்காக, கடிதத்தை வாங்க ஒரு கொன்ஃபிக், சோதித்த பிறகு அனுப்ப இன்னொரு கொன்ஃபிக் என்று பலர் இரண்டு கோப்புகளை வைத்து ஓட்டினார்கள். எக்ஸிம் பயனருக்கு அந்தச் சலுகை இல்லாவிட்டால் அந்த ஏற்பாடு நின்றுபோகும். ஒரு வசதிக்காகத் திறந்த வாசல் அது. நம்முடைய 777உம் அப்படித்தான் பிறக்கிறது.

2011 ஜனவரியில் 4.73 பதிப்பு வந்தது. அதில் எடுத்த முடிவை நீங்கள் கவனிக்க வேண்டும். மாற்றுக் கொன்ஃபிக்கை ரூட் அதிகாரத்தோடு படிக்கவைப்பது இனி ரூட்டால் மட்டுமே முடியும். அதுவரை விரும்பியவர் மட்டும் போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடாக இருந்ததை எல்லோருக்கும் கட்டாயமாக்கினார்கள். இரண்டு கொன்ஃபிக் வைத்திருந்தவர்களைக் கைவிடாமல் இருக்க, நம்பிக்கைக்குரிய கோப்புகளின் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முழுப் பாதையோடு, வரிக்கு ஒரு கோப்பாக அதில் எழுத வேண்டும். பட்டியலில் பெயர் இருந்து, கோப்பின் உரிமையாளரும் ரூட்டாக இருந்தால்தான் எக்ஸிம் பயனர் அதை ரூட் அதிகாரம் குறையாமல் ஓடவிட முடியும். பட்டியல் கோப்பும் ரூட்டின் உடைமையாக, குழுவோ மற்றவர்களோ எழுத முடியாததாக இருக்க வேண்டும். கட்டளை வரியிலிருந்து கொன்ஃபிக்கின் மக்ரோக்களை மாற்றும் பெரிய டி ஆப்ஷனுக்கும் இதே கதிதான். அனுமதித்த மக்ரோப் பெயர்களைத் தனியே பட்டியலிட்டால் ஒழிய, எக்ஸிம் பயனர் அதைத் தொட்டதும் ரூட் அதிகாரம் போய்விடும்.

புதிய பதிப்பைப் பற்றிய அறிவிப்பிலேயே, உங்கள் பழைய ஏற்பாடு இதனால் உடையலாம் என்று பச்சையாக எழுதியிருந்தார்கள். உடையும் என்று தெரிந்தே செய்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்தது அந்த இடத்தில்தான். யாரை நம்புவது என்பதை நிரல் ஊகித்துக்கொள்ளாது, பராமரிப்பாளர் ரூட்டாக இருந்து எழுதிவைத்தால்தான் நம்பும் என்று ஆக்கினார்கள். நீங்களும் உங்கள் அலுவலகத்தில் அதே முடிவை எடுக்க வேண்டும் என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

2010இன் முதல் ஓட்டையில் இன்னொரு விஷயம் இருக்கிறது. நினைவகம் வழிந்த அந்தப் பிழையை எக்ஸிமில் 2008லேயே திருத்திவிட்டார்கள். 2009இல் வந்த 4.70 பதிப்பில் அந்தத் திருத்தம் இருந்தது. ஆனால் அதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று யாரும் இனங்காணவில்லை. அதனால் 4.69ஐ வைத்திருந்தவர்கள் "ஓடுதுதானே" என்று இருந்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து அந்த வழியால் ஆள் வந்தார். இதே கதை 2019இல் வரி மாறாமல் திரும்பியது. 4.87 முதல் 4.91 வரையான பதிப்புகளில், பெறுநரின் முகவரியில் கட்டளையை எழுதி அனுப்பினால் எக்ஸிம் அதை ஓடவிட்டது. அதுவும் விநியோகிக்கும் கட்டத்தில், ரூட்டாக. இந்தத் தடவை இரண்டாவது ஓட்டையே தேவைப்படவில்லை. குவாலிஸ் நிறுவனத்தார் 2019 ஜூனில் இதை வெளியிட்டபோது, நான்கு மாதங்களுக்கு முன்பு வந்த 4.92இல் அது ஏற்கனவே அடைபட்டிருந்தது. பாதுகாப்புத் திருத்தம் என்று அப்போதும் யாருக்கும் தெரியாது.

அதைப் பயன்படுத்தியவர்கள் யார் தெரியுமா? 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகவரகம் ஓர் எச்சரிக்கை விட்டது. சாண்ட்வோர்ம் என்று அறியப்பட்ட ரஷ்ய இராணுவப் புலனாய்வுப் பிரிவு, குறைந்தது 2019 ஆகஸ்டிலிருந்து இந்த ஓட்டை வழியாக சேர்வர்களுக்குள் போயிருக்கிறது என்றது. உள்ளே போனபின் செய்ததையும் சொன்னது. அதிகாரமுள்ள பயனர்களைச் சேர்த்தார்கள், பாதுகாப்பு அமைப்புகளை நிறுத்தினார்கள், தூரத்திலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்எச்சின் கொன்ஃபிக்கை மாற்றினார்கள். கவனியுங்கள். ரூட் கிடைத்ததும் அவர்கள் தேடிப் போனது, சேர்வர் எதை நம்பி ஓடுகிறதோ அந்தக் கோப்புகளைத்தான். ஓட்டையைப் பிறகு நீங்கள் அடைத்தாலும் மாற்றிய கொன்ஃபிக் அங்கேயே இருக்கும்.

"நம்ம சேர்வருக்கு ரஷ்யாக்காரன் ஏன் வாறான்?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் உங்களைத் தேடி வரமாட்டார். 25ஆம் போர்ட் திறந்திருக்கும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் நிரல்தான் வரும். அதற்குக் கண்டியும் ஒன்று, கீவ் நகரமும் ஒன்று.

எக்ஸிமைக் கழற்றி எறியுங்கள் என்று சொல்ல வரவில்லை. ரூட்டை எப்படிக் கையாள்வது என்ற கேள்வி எல்லா மெயில் மென்பொருளுக்கும் வந்திருக்கிறது. 1988 நவம்பரில் இன்டர்நெட்டை முடக்கிய மொரிஸ் புழு, சென்ட்மெயிலில் சோதனைக்காக விட்டுவைத்திருந்த ஒரு வாசலையும் பயன்படுத்தியே பரவியது. அந்தப் பாடத்திலிருந்து டேனியல் பெர்ன்ஸ்டைன் கியூமெயிலை எழுதினார், வீட்ஸே வெனெமா போஸ்ட்ஃபிக்ஸை எழுதினார். இரண்டும் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, பெரும்பாலானவற்றை ரூட் இல்லாத பயனர்களிடம் கொடுத்தன. சென்ட்மெயிலும் 2001இல் வந்த 8.12 பதிப்பில் செட்யுஐடி ரூட்டைக் கைவிட்டது. போஸ்ட்ஃபிக்ஸிலும் மாற்றுக் கொன்ஃபிக் ஃபோல்டர்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. முதன்மைக் கொன்ஃபிக்கில் எழுதியிருந்தால் ஒழிய, சிறப்பு அதிகாரத்தோடு ஓடும் அதன் கட்டளைகள் சாதாரணப் பயனர் காட்டும் ஃபோல்டரை ஏற்காது. எது உங்களிடம் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான்.

சென்ட்மெயிலின் ஓர் ஆப்ஷனை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மற்றவர்கள் எழுதக்கூடிய ஃபோல்டர்களில் உள்ள கோப்புகளை நம்ப மாட்டேன் என்று அது 1998இல் அடம்பிடிக்கத் தொடங்கியது. பராமரிப்பாளர்கள் முறைப்பாடு செய்தார்கள். அந்தச் சோதனையைத் தளர்த்த ஓர் ஆப்ஷன் கொடுத்தார்கள், அதற்கு வைத்த பெயர் "டோன்ட் பிளேம் சென்ட்மெயில்". பழி எங்கள்மேல் வராது, தளர்த்தியவர் நீங்கள் என்று கொன்ஃபிக்கிலேயே எழுதவைத்துவிட்டார்கள். 777 போடும் ஒவ்வொரு கையும் அந்த வரியைத்தான் எழுதுகிறது.

ஃபோல்டரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கோப்பின் அனுமதியைச் சரியாக வைத்துவிட்டு, அது இருக்கும் ஃபோல்டரை எழுதத் திறந்துவிடுகிறவர்கள் அதிகம். ஃபோல்டரில் எழுத முடிந்தவர், அந்தக் கோப்பை நகர்த்திவிட்டு அதே பெயரில் தன் கோப்பை வைத்துவிடலாம். எக்ஸிம் தன் முதன்மைக் கொன்ஃபிக்கின் உரிமையாளரைச் சோதித்து, பிழையென்றால் ஓடவே மறுக்கும். நீங்கள் எழுதிய பேக்கப் ஸ்கிரிப்டை ரூட்டாக ஓடவைக்கும் கிரொன், அந்த ஸ்கிரிப்டை அப்படிச் சோதிப்பதில்லை. 2021 மே மாதத்தில் குவாலிஸ் வெளியிட்ட 21 எக்ஸிம் ஓட்டைகளில் சில இந்த வகையைச் சேர்ந்தவை. கடிதங்கள் விநியோகத்துக்குக் காத்திருக்கும், எக்ஸிம் பயனருக்குச் சொந்தமான ஸ்பூல் ஃபோல்டருக்குள் எக்ஸிம் ரூட்டாக நுழைந்து வேலை செய்தது. அந்தச் சாதாரணப் பயனராகிவிட்டவர் அங்கே பொறிவைத்து ரூட்டைப் பிடிக்க முடிந்தது. 4.94.2க்கு முந்திய எல்லாப் பதிப்புகளிலும் அவற்றில் ஏதாவது இருந்தது.

இவ்வளவும் யாருக்காக? உங்கள் சேர்வரில் இருக்கும் பெட்டிகளை ஒருதரம் நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், ஊழியர் சேமலாப நிதிக் கடிதம், பேராதனை ஆஸ்பத்திரி ரிப்போர்ட், வெளிநாட்டு ஏஜென்சிக்கு அனுப்பிய பாஸ்போர்ட் பக்கம் எல்லாம் அங்கே இருக்கின்றன. நம் சனம் தாளின் அருமை தெரிந்த சனம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஒரு தாளுக்காகத் தலைமுறை தலைமுறையாக அலைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தத் தாள்களை ஸ்கேன் செய்து உங்களிடம் அனுப்புகிறார்கள். பத்திரமாக இருக்கும் என்று நம்பி அனுப்புகிறார்கள். ரூட் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, நமக்குத் தெரிய வேண்டும். தனிப்பட்ட தரவுகளைக் காப்பதற்கென்று 2022இன் 9ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பும் இந்தக் கடமை இருந்தது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். நேரமில்லை, உதவிக்கு ஆளில்லை. சேர்வர் ஐந்து நிமிடம் நின்றால் மனேஜர் கூப்பிடுவார், ஐந்து வருடம் பழைய பதிப்பில் ஓடினால் யாரும் கூப்பிட மாட்டார்கள். அப்டேட் செய்து ஏதாவது உடைந்தால் பழி உங்கள்மேல் விழும். 2020இல் வந்த 4.94, வெளியிலிருந்து வரும் தகவலைக் கோப்புப் பெயராக நேரடியாகப் பயன்படுத்துவதை மறுத்தபோது எத்தனையோ பேரின் கொன்ஃபிக் நின்றுபோனது. அதற்குப் பயந்து பழையதிலேயே தங்கியவர்கள் 2021இன் 21 ஓட்டைகளோடும் தங்கிவிட்டார்கள். ஆகவே மனேஜரிடம் போய் நேரம் கேளுங்கள். 2023இல் அரசாங்கத்துக்கு நடந்ததைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டுமானால் இந்த மடலையே காட்டுங்கள்.

நான் உங்களிடம் கேட்பது ஒரு பின்னேர வேலைதான். உங்கள் மெயில் மென்பொருளின் பதிப்பைப் பாருங்கள். வாடகை சேர்வர் என்றால் அதை வாடகைக்குத் தருபவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். எக்ஸிம் என்றால், பதிப்பு விவரத்தை டீபக் நிலையில் காட்டச் சொன்னால் நம்பிக்கைப் பட்டியல் எங்கே இருக்கிறது, எந்த மக்ரோக்களுக்கு அனுமதி என்பது தெரியும். அந்தப் பட்டியலைத் திறந்து, அங்கே உள்ள ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள். காரணம் தெரியாத வரியை எடுத்துவிட்டு ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் சேர்வர் கடிதங்களை இன்னொரு சேர்வருக்குக் கடத்துவது மட்டும் என்றால், விநியோகத்தின்போதும் ரூட்டைக் கைவிடும் ஆப்ஷன் எக்ஸிமில் இருக்கிறது. அதை முதலில் சோதனைச் சேர்வரில் போட்டுப் பாருங்கள். கொன்ஃபிக் கோப்புகளையும் அவை இருக்கும் ஃபோல்டர்களையும் மேலே வேர் வரை ரூட்டின் உடைமையாக்கி, குழுவுக்கும் மற்றவருக்கும் எழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள். எல்லோரும் பகிரும் ரூட் பாஸ்வேர்டை மாற்றி, ஆளுக்கு ஒரு கணக்கும் தேவைக்கு ஏற்ற சூடோவும் கொடுங்கள். சேர்வரின் ரூட்டால் அழிக்க முடியாத இடத்தில் ஒரு பேக்கப் வையுங்கள். இல்லாவிட்டால் அதை பேக்கப் என்று சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒரு தாளை எடுங்கள். உங்கள் சேர்வரில் ரூட்டாக மாறக்கூடிய ஆட்கள், ரூட்டாக ஓடும் மென்பொருள்கள், அவை நம்பும் கோப்புகள், அந்தக் கோப்புகளில் எழுதக்கூடியவர்கள் என எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்களும் அதில் வரும். எழுதியதை அலுவலகத்தில் இன்னொருவரிடம் காட்டி, அவரையும் ஒருதரம் சரிபார்க்கச் சொல்லுங்கள். பிறகு, தேவையில்லாத ஒரு பெயரையாவது இந்த வாரம் முடியுமுன் அந்த சேர்வரிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
மடுல்கெல்லயிலிருந்து
உங்களைப் போல ஒரு சேர்வர் பராமரிப்பாளர்